கல் கழுவும் பிள்ளை

சிஃபா அன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். ஜெனனி சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது வீடெல்லாம் கருகிய மணம். குசினியில் யாருமில்லை. அடுப்பை நிறுத்திவிட்டுத் தேடிப்போனால், சிஃபா பல்கனியில் நின்று போனை வானத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரிக் குளிரில் அவள் தோளில் ஒரு சால்வைகூட இல்லை.

“என்ன செய்யிறாய்? பால் எல்லாம் கருகிப் போச்சு.”

“ஒரு சரி அடையாளம்தான் விழுது,” என்றாள் சிஃபா. “நேற்றுப் பின்னேரத்தில இருந்து ஒரு சரிதான். ரெண்டாவது விழேல்லை.”

ஜெனனி போனை வாங்கிப் பார்த்தாள். வட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பியிருந்த செய்திகளில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. எல்லாம் ஃபைதாவுக்கு அனுப்பியவை. ஃபைதா சிஃபாவின் தங்கை. கொங்கோவின் கிழக்கில், கோமா நகரத்துக்கு வெளியே, இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றில் இருந்தாள். சிஃபாவின் ஒரே மகள் நீமாவும் அவளோடுதான் இருந்தாள்.

“கிளர்ச்சிக்காரர் நகரத்துக்குள்ள வந்திட்டாங்களாம். கரண்ட் இல்லை. தண்ணி இல்லை. ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை.”

உள்ளே வீட்டுக்காரி சிஞ்ஞோரா லெத்தீசியா மணியை அடித்தாள். தொண்ணூறை நெருங்கிய அந்த மனுசிக்குக் காலையில் சுடப் பால் வேண்டும். ஜெனனி வேறு பால் காய்ச்சினாள். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா பகுதியில் மரங்கள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில், நான்காம் மாடியில் இருந்தது அந்த வீடு. ஜெனனி பகலில் வந்து துப்புரவும் சமையலும் செய்துவிட்டுப் போவாள். சிஃபா அங்கேயே தங்கிச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசியது இத்தாலியம். ஒருத்தியின் இத்தாலியத்தில் மன்னார்த் தமிழும் மற்றவளுடையதில் சுவாகிலியும் ஏறியிருந்தன. பிழைகள் ஒரேமாதிரி இருந்ததால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது ஜெனனி கணவனிடம், “கோமா விழுந்திட்டுதாம்,” என்றாள்.

றொனி கோப்பையிலிருந்து தலையை எடுத்தான். “ஆருக்கு? சிஞ்ஞோராவுக்கோ?”

“அந்தக் கோமா இல்லை. சிஃபான்ர ஊர்ப் பக்கம். கோமா எண்டொரு பட்டினம்.”

சிரிக்கப்போன றொனி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சிஃபாவின் கதை ஜெனனிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மசீசி மலைகளில் ஒரு சுரங்க ஊர். அங்கே கொல்தான் என்றொரு கறுப்புக் கல் கிடைக்கிறது. போனுக்கும் கணினிக்கும் அது வேண்டுமாம். சிஃபாவின் புருசன் ஒரு குழியில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தான். ஓர் ஆயுதக் கூட்டம் வந்து வரி கேட்டது. கொடுத்தான். அடுத்த கிழமை எதிர்க் கூட்டம் வந்து, நீ ஏன் அவர்களுக்குக் கொடுத்தாய் என்று கேட்டுச் சுட்டுப்போட்டது. அப்போது நீமாவுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு சிஃபா எப்படி லிபியா வரைக்கும் போனாள், அங்கே என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை. ஜெனனி கேட்டதுமில்லை.

“மலையைப் பிடிக்கத்தான் சண்டை,” என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். “ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால ஒரு நாடு நிக்குது. அதுக்குப் பின்னால வாங்கிற ஆக்கள் நிக்கினம். மலையில சனம் இருக்குது. அதால சனம் சாகுது.”

நாட்கள் போயின. சிஃபா படுத்தாலும் எழும்பிவிடுவாள், எழும்பினாலும் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். சிஞ்ஞோராவுக்குச் சப்பாத்தை மாறிப் போட்டுவிட்டாள். கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவினாள். ஒரு தடவை, கூப்பிட்டுக்கொண்டிருந்த போனையே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். வானொலியில் கொங்கோ என்ற சொல் வந்தால் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுவாள். அதற்குள் செய்தி காலநிலைக்கு மாறியிருக்கும்.

ஜெனனியும் ஒரு காலத்தில் முகாமில் இருந்தவள். பத்தொன்பது வயதில், போரின் முடிவில் வன்னியிலிருந்து வெளியே வந்து செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தாள். பலெர்மோவிலிருந்த மாமா அவள் உயிரோடு இருப்பதை அறிய மாதக்கணக்கானது. கடைசியில் முகாமில் இன்னொருத்தரின் போனிலிருந்துதான் அவருக்குச் செய்தி போனது என்பது துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சட்டென்று நினைவுக்கு வந்தது.

“சிஃபா, முகாமில கரண்ட் இருந்ததே?”

“எங்கால கரண்ட்?”

“அப்ப போன் எப்பிடி சார்ஜ் பண்ணினவை?”

சிஃபா யோசித்தாள். “ஒருத்தன் சோலார் தட்டு வைச்சிருந்தவன். காசு குடுத்தால் சார்ஜ் ஏத்தித் தருவான்.”

“அவன்ர நம்பர் இருக்கே? தங்கச்சி ஒருநாளாவது வேற நம்பரில இருந்து எடுத்தவளே?”

சிஃபா போனை எடுத்தாள். பழைய அழைப்புகளில் கீழே கீழே போனாள். கிறிஸ்மஸ் நேரத்தில் பெயரில்லாத ஓர் இலக்கத்திலிருந்து ஃபைதா பேசியிருந்தாள். அதை அழுத்தினாள். முதலில் போகவில்லை. பிறகும் போகவில்லை. சாயங்காலம் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த இலக்கமே திருப்பி எடுத்தது. நுரைக் கையோடு சிஃபா போனைப் பிடித்தாள். எதிர்ப்பக்கத்தில் காற்றிரைச்சலும், தகரம் கழற்றுகிற சத்தமும், ஒரு மனிதன் கத்திக் கத்திப் பேசுவதும் ஜெனனிக்கும் கேட்டது.

முகாம் கலைக்கப்பட்டுவிட்டது. எல்லாரும் வந்த ஊருக்கே திரும்பவேண்டும் என்று உத்தரவு. கூடாரங்களை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைதா தன் சின்ன மகளோடு லொறியில் மலைக்கே போய்விட்டாளாம்.

“என்ர மகள்? நீமா? உயரமான பிள்ளை?”

“ஒரு பெட்டை சின்னதை முதுகில கட்டிக்கொண்டு ஏறினவள்,” என்றான் அந்த மனிதன். அதோடு இணைப்பு அறுந்தது.

சிஃபா குளியலறைத் தரையில் இருந்துவிட்டாள். சிஞ்ஞோரா நீரில் இருந்தபடியே அவள் தலையைத் தடவி, “என்ன பிள்ளை, என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உயிரோடு இருக்கிறாள் என்பது தெரிந்ததும் சிஃபா அமைதியடைவாள் என்று ஜெனனி நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. மலைக்குத் திரும்பியது முகாமைவிட மோசம் என்றாள் சிஃபா. அங்கே தோட்டமில்லை, பள்ளிக்கூடமில்லை, நிலத்தையெல்லாம் குடைந்துவிட்டார்கள்.

மார்ச் கடைசியில் நீமாவின் குரல் வந்தது. ஜெனனி அப்போது தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். சிஃபா போனைக் காதோடு வைத்துக் கேட்டாள், திரும்பக் கேட்டாள், பிறகு மேசையில் வைத்து ஜெனனிக்கும் போட்டுக்காட்டினாள். மொழி விளங்கவில்லை. ஆனால் அது சந்தோசமான குரல். வேகமாக, மூச்சு வாங்காமல், நடுவில் சிரித்துக்கொண்டு பேசினாள் பிள்ளை.

“என்ன சொல்லுறாள்?”

“தான் இப்ப வேலை செய்யிறாளாம். ஆத்தில கல் கழுவுறாளாம். மண் போக, பாரமான கறுப்புக் கல் அடியில நிக்கும். தன்ர கை கெட்டிக்காரக் கையாம், பெரிய பெட்டையளையும் முந்திப்போடுறாளாம். தன்ர காசில புதுச் செருப்பு வேண்டினாளாம்.” சிஃபாவின் வாய் கோணியது. “அம்மா, நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை எண்டு சொல்லுறாள்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சிஃபா போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உடனேயே நிமிர்த்தினாள், அடுத்த செய்தி வந்தாலும் வரும் என்று.

அன்றிலிருந்து தங்கையோடு சண்டை தொடங்கியது. கிழமையில் ஒருநாள் மலை உச்சியில் ஏதோவொரு இடத்தில் ஃபைதாவுக்குச் சிக்னல் கிடைக்கும். சிஃபா பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவாள். நீமாவை இத்தாலிக்கு எடுக்க அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆனால் பிள்ளை ஒரு தூதரகத்துக்குப் போய் நின்றால்தான் விசா. தலைநகரம் நாட்டின் மறுகோடியில், போர்முனைக்கு அப்பால் இருந்தது. இருந்த ஒரே வழி கிழக்கே உகாண்டா. எல்லை வரைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடு என்று சிஃபா கேட்டாள். ஃபைதா மாட்டேன் என்றாள். வழியெல்லாம் துவக்குக்காரர், பொம்பிளைப் பிள்ளையை அந்த றோட்டால எப்படி அனுப்புவது என்றாள். இன்னொரு காரணத்தையும் அவள் மறைக்கவில்லை. அவள் மலையிலிருந்து கல் மூட்டை சுமந்தாள். ஒவ்வொரு மூட்டைக்கும் மலையைப் பிடித்திருந்தவர்களுக்கு வரி போனது. நீமாவின் உழைப்பும் சேர்ந்தால்தான் மூன்று பேருக்கும் சாப்பாடு.

ஒருநாள் பல்கனியிலிருந்து உள்ளே வந்த சிஃபாவின் முகம் சாம்பலாகியிருந்தது.

“அவளுக்குச் சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டன்,” என்றாள்.

“என்ன சொன்னனி?”

“நீ என்ர பிள்ளையை வித்துத் தின்னுறாய் எண்டு.”

அடுத்த நாளே அவள் முடிவெடுத்தாள். தானே உகாண்டா எல்லைக்குப் போய் நிற்பது. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் அவளிடம் இருந்தது. கொங்கோவுக்குள் கால் வைக்கமுடியாது, உகாண்டாவுக்குப் போகலாம். தான் எல்லையில் வந்து நின்றால் ஃபைதா இரங்குவாள் என்று நம்பினாள்.

சிஞ்ஞோராவின் மகன் கொராதோ ஞாயிற்றுக்கிழமை பெஸ்ற்ரி வாங்கிக்கொண்டு வந்தபோது சிஃபா விசயத்தைச் சொன்னாள். அவர் ஒரு சட்டத்தரணி, கெட்ட மனிதரல்ல. கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விளங்குது சிஃபா. உண்மையா விளங்குது. ஆனால் அம்மாவை அவ்வளவு நாள் ஆர் பாக்கிறது? நான் வேற ஒரு ஆளைத்தான் தேடவேணும். வந்த ஆளைப் பிறகு போ எண்டு சொல்லேலாது.”

“நான் நிக்கிறன்,” என்றாள் ஜெனனி. கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். “அவள் வருமட்டும் நான் இஞ்சை தங்குறன். இரவும்.”

சீசா என்ற பகுதியிலிருந்த தங்கள் வீட்டில் றொனி வெடித்தான்.

“உனக்கென்ன விசரே? அந்த மனுசியை இரவும் பகலும் தூக்கி இறக்கேலுமே உன்னால? துஷாந்தி என்ன செய்யிறது?”

“துஷாந்திக்குத் தகப்பன் இருக்கிறார்தானே.”

“நான் ஹோட்டலில பின்னேர வேலைக்குப் போறனான். ஜெனனி, அது அவையளின்ர நாட்டுப் பிரச்சினை. எங்கட பிரச்சினையே எங்களுக்குக் காணும்.”

“போன மாசம் ஊரில, பேசாலையில இருந்து உங்கட அண்ணர் என்ன சொன்னவர்? வளவுக்குள்ள குழாய் இறக்கி மண் எடுத்துப் பாத்தவையளாம், மண்ணுக்குள்ள ஏதோ கனிமம் கிடக்குதாம் எண்டுதானே?”

“அது கடற்கரை மண். அதுக்கு ஆரும் துவக்குத் தூக்கேல்லை.”

“அங்கையும் முதல்ல ஆரும் தூக்கேல்லையாம்.”

றொனி கோபத்தோடு எழும்பிப்போய்த் துஷாந்தியின் பள்ளிக்கூடச் சட்டையை அயர்ன் பண்ணத் தொடங்கினான். ஒன்பது வயது மகள் கதவோரம் நின்று, “மம்மா, நீங்க எப்ப திரும்பி வருவீங்க? தொமாணியோ?” என்று கேட்டாள்.

“நாளைக்கு இல்லை, கண்டு. கொஞ்ச நாளில.”

சிஃபா ஏப்ரல் நடுவில் விமானம் ஏறினாள். கிசோரோ என்ற எல்லை ஊரிலிருந்து போன் எடுத்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. ஒவ்வொரு காலையும் எல்லைக் கம்பத்தடிக்குப் போய் நின்றாள். வந்துகொண்டிருந்த சனத்தின் முகங்களைப் பார்த்தாள். பாய், சட்டி, கோழி, கட்டுக்கட்டாகப் பிள்ளைகள். ஃபைதா முதலில் அசையவில்லை. பிறகு, பயறு விற்கும் ஒரு மனுசியோடு நீமாவை அனுப்பிவிடுகிறேன் என்றாள். அடுத்த சந்தைக்கு என்றாள். மழையால் அந்தச் சந்தை தள்ளிப்போயிற்று.

லிபெர்த்தா வீட்டில் ஜெனனியால் ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. சிஞ்ஞோராவுக்கு மறதி வரத் தொடங்கியிருந்தது.

“சிஃபா எங்கே?” என்று கேட்பாள்.

“மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டாள், சிஞ்ஞோரா.”

“ஆ, நல்லது நல்லது.” கொஞ்ச நேரத்தில் திரும்பவும், “சிஃபா எங்கே?”

ஒரு செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோராவின் தங்கை வந்திருந்தாள். அந்த இடைவெளியில் ஜெனனி பல்லரோச் சந்தைக்குப் போனாள். மீன்காரன் சூரையைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தான். மேலே சிவப்புப் படங்குகள், கீழே நீரோடும் தரை, ஆளுக்காள் கத்தி விலை கூறிக்கொண்டிருந்தார்கள். போன் அதிர்ந்தது. சிஃபாவின் குரல் பதிவு. காதில் பொத்திப் பிடித்துக் கேட்டாள். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு:

“மலை விழுந்திட்டுது, ஜெனனி. மழைக்கு மலை இடிஞ்சு விழுந்திட்டுது. குழியளுக்குள்ள நிண்ட சனம் எல்லாம் உள்ளுக்க. ஆத்துப் பக்கமும் மண் வந்திட்டுதாம்.”

மீன்காரன் பொதியை நீட்டினான். ஜெனனி அதை வாங்கவில்லை. “சிஞ்ஞோரா, மீன்!” என்று அவன் பின்னால் கூப்பிட்டது கேட்டும் திரும்பவில்லை. பஸ் தரிப்பில் நின்றாள், பஸ் வந்தது, ஏறவில்லை. அதற்குள் சும்மா உட்கார்ந்துகொண்டு போவதைக் கற்பனை செய்யவே முடியவில்லை. லிபெர்த்தா வரைக்கும் நடந்தே போனாள். கடைக் கண்ணாடிகளில் தன் உருவம் தன்னைவிட வேகமாகப் போவதுபோல இருந்தது.

“சிஃபா எங்கே?” என்று கேட்டாள் சிஞ்ஞோரா.

“மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டாள்.”

அன்று பின்னேரமும் அடுத்த நாளும் அதே கேள்வி. அதே பதிலைச் சொல்லவேண்டியிருந்தது. கூட்டிவர ஒரு மகள் இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. சிஃபாவுக்கு எடுத்தால் சில வேளை அழுகை, சில வேளை எதுவுமில்லை. எல்லையைக் கடந்து அந்தப் பக்கம் ஓடப் பார்த்தாளாம். உகாண்டாப் பொலிஸ் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுதியில் விட்டார்களாம்.

றொனி புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, துஷாந்தியையும் கூட்டிக்கொண்டு சோறும் கறியும் கொண்டு வந்தான். ஜெனனி சாப்பிடவில்லை. அவன் சிஞ்ஞோராவைக் கதிரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் விட்டான், போர்வையைச் சரிசெய்தான், மருந்தை எடுத்துக் கொடுத்தான். சிஞ்ஞோரா அவனிடம், “சிஃபா எங்கே?” என்றாள்.

“மகளோட வருவாள், சிஞ்ஞோரா,” என்றான் றொனி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் ஒரே ஆட்டம். தகரக் கூரை, சிவப்பு மண், யாரோ ஒருவரின் தோள். பிறகு சிஃபாவின் முகம், அதற்கு மிக அருகில் இன்னொரு முகம். நெற்றியில் காய்ந்த சேறு. அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலால் ஒரு சின்னத் தலை எட்டிப்பார்த்தது.

“இவள்தான்,” என்றாள் சிஃபா. வேறொன்றும் சொல்ல அவளால் முடியவில்லை.

நடந்தது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மலை விழுந்த அன்று காலை நீமா வழக்கம்போல ஆற்றில் நின்றாள். ஃபைதாவின் மூன்று வயது மகள் சுக்குருவைக் கரையில் ஒரு பாறையில் இருத்திவிட்டுத்தான் கழுவுவாள். மேலே பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். மற்றப் பிள்ளைகள் சண்டை தொடங்கிவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். நீமா படுக்கவில்லை, சுக்குருவைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சரிவில் ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது ஆறு இல்லை. ஃபைதா மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த பாதையும் இல்லை. மாலைவரை கையால் தோண்டியவர்களோடு அவளும் தோண்டினாள். மலையைப் பிடித்திருந்தவர்கள் வந்து, சனத்தை விலக்கிவிட்டு, முதலில் மற்றப் பக்கத்துக் குழிகளைத் திறக்கச் சொன்னார்கள். வேலை நிற்கக்கூடாதாம். அதற்குப் பிறகு நீமா அங்கே நிற்கவில்லை. பயறுக்கார மனுசியைத் தேடிப்பிடித்தாள். பாதித் தூரம் லொறி, பாதித் தூரம் நடை. சுக்குருவை இறக்கவே இல்லை.

ஃபைதாவை மண்ணுக்குள்ளிருந்து யாரும் எடுக்கவில்லை. தங்கையிடம் தான் கடைசியாகச் சொன்ன சொல்லைச் சிஃபா பிறகு ஒருநாளும் வாயால் எடுக்கவில்லை. ஜெனனியும் அந்தப் பேச்சைத் தொடவில்லை.

ஆனால் பிள்ளை கையில் கிடைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. விசாவுக்கு மாதங்கள் எடுக்கும் என்றார்கள். சிஃபாவின் லீவு முடிந்தது. இரண்டு பிள்ளைகளையும் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுவிட்டு அவள் பலெர்மோவுக்குத் திரும்பினாள். வந்த அன்று சிஞ்ஞோரா, “மகள் எங்கே?” என்று கேட்டாள். அதை எப்படி நினைவு வைத்திருந்தாளோ தெரியாது.

கோடை முழுக்கக் கடிதங்களும் கைரேகைகளும் இரத்தப் பரிசோதனையும். நீமாவுக்கு விசா வந்தது. சுக்குருவுக்கு வரவில்லை. நீமா மகள், சுக்குரு தங்கையின் மகள். சுக்குரு பிறந்ததற்கும் அத்தாட்சியில்லை, தாய் செத்ததற்கும் அத்தாட்சியில்லை. மலை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. குவெஸ்தூரா எனும் பொலிஸ் குடிவரவு அலுவலகத்தில் அந்த உத்தியோகத்தர் பெண் அன்பாகத்தான் சொன்னாள்: இது வேறு விண்ணப்பம், வேறு வழி, நீளமான வழி.

நீமா எங்கே இருப்பாள் என்ற கேள்வி வந்தபோது கொராதோ கைகளை விரித்தார். தாயாரின் வீட்டில் ஒரு பிள்ளையைத் தங்கவைக்க முடியாது. சிஃபா வேலையை விட்டால் வாடகை இல்லை. ஜெனனி வாய் திறப்பதற்கு முன் றொனிதான் சொன்னான்.

“துஷாந்தின்ர அறையில இன்னொரு கட்டில் போடலாம். சிஃபா ஞாயிறும் வியாழனும் வந்து நிக்கட்டும்.”

“நீங்களே சொல்லுறியள்?” என்றாள் ஜெனனி.

“நான்தான் சொல்லுறன். பிறகு கட்டில் தூக்கிறதும் நான்தானே.”

நவம்பரில் நீமா வந்தாள். விமான நிலையத்தில் தாயைக் கட்டிப்பிடித்தபோது அவளது கைகள் மட்டும் பின்னால், முதுகுப்பக்கம் போய்ப் போய் வந்தன. எதையோ தாங்குவதற்குப் பழகிய கைகள். ஓட்டைத் தகரம் கிழித்ததுபோல் விரல்களில் தழும்பு. காரில் சீசாவுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலைப் பார்த்து, சன்னலைப் பார்த்து, தாயிடம் ஏதோ கேட்டாள். சிஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன கேட்டவள்?”

“சுக்குரு எங்க படுக்கிறது எண்டு.”

அவளுக்கு எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள், சிஃபாவும் சொன்னாள். அவள் நம்பவில்லை, அல்லது நம்ப மறுத்தாள். முதல் கிழமைகளில் தாயோடு பேசவே மாட்டாள், தொட்டால் கையை இழுத்துக்கொள்வாள். தூக்கிக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு வரச் சொன்னது நீதான் என்று ஒருநாள் கத்தினாளாம். சிஃபா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாளாம். பள்ளிக்கூடத்தில் மேசையடியில் காலாட்டிக்கொண்டே இருக்கிறாள், மணி அடிப்பதற்கு முன்பே பையைத் தோளில் போடுகிறாள் என்று ஆசிரியை சொன்னாள். துஷாந்திதான் அவளோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டும் கை பாதி, இத்தாலியம் பாதியாகக் கதைத்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் கன்னியாஸ்திரிகள் அழைப்பு எடுத்துச் சுக்குருவைக் காட்டுவார்கள். சுக்குரு திரையை நக்கப் பார்ப்பாள். அப்போது மட்டும் நீமா சிரித்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் பலெர்மோவில் பெருமழை. தெருவெல்லாம் நிமிசத்தில் ஆறானது. ஜெனனி சமைத்துக்கொண்டிருந்தாள். சிஃபா வரவேண்டிய பஸ் பிந்தியிருந்தது. துஷாந்தி ஓடிவந்தாள்.

“மம்மா! நீமா ஃபுவோரி! வெளியில மழைக்குள்ள நிக்கிறா! நான் கூப்பிட்டன், வாறா இல்லை!”

ஜெனனி குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கட்டடங்களுக்கு நடுவில் வாகனங்கள் நிறுத்தும் வெறும் வெளி இருந்தது. அதன் சரி நடுவில் நீமா நின்றாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மரக்கறிக் கடைக்காரன் படங்குக்கு அடியில் நின்று, “வா இங்கே, பிள்ளை, வா!” என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வீடுகளுக்கு மேலால், நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகில் அவற்றைப் பாதி மூடியிருந்தது.

ஜெனனி கிட்டப் போய்க் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாள். பிள்ளை உடனே விலகினாள். தலைக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது என்பது ஜெனனிக்கு அப்போதுதான் விளங்கியது. குடையை மடக்கினாள். குளிர்ந்த மழை கழுத்தால் இறங்கி முதுகெல்லாம் ஓடியது.

“அது விழுமோ?” என்று நீமா மலையைக் காட்டிக் கேட்டாள். இத்தாலியத்தில் அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சொற்களில் அவையும் இருந்தன.

“இல்லை. அது கல்லு மலை. ஒருத்தரும் தோண்டேல்லை.”

“உள்ளுக்க ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லை. வெறும் கல்லு.”

பிள்ளை அதை யோசித்தாள். நம்பலாமா என்று ஜெனனியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் மலையைப் பார்த்தாள். உள்ளே போவோம் என்று ஜெனனி கேட்கவில்லை. ஒருத்தி பன்னிரண்டு வயது, மற்றவள் முப்பத்தைந்து, இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைக்காரன் கையை உதறிவிட்டு உள்ளே போனான்.

தெருமுனையில் சிஃபா பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளால் ஓடி வந்துகொண்டிருந்தாள். நீமா தாயைக் கண்டாள். நகரவில்லை. ஆனால் சிஃபா வந்து அவள் மற்றப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தபோது, இந்த முறை நீமா அதை இழுத்துக்கொள்ளவில்லை.